மின்தூக்கி வாசலில் நான்கு வினாடிகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் என் தாய்மாமா குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்காகக் காத்திருந்த அவருடைய கணுக்காலில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் இடித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் உணவு விநியோகம் செய்யும் ஓர் இளைஞர். மாமாவுக்கு அப்போது 63 வயது. தேக்கா சந்தையில் வாங்கிய மீனும் காய்கறியும் தள்ளுபையில் இருந்தன. "கண்ணு தெரியலையா?" என்று மாமா கேட்டார். அந்த இளைஞர் ஏதோ பதில் சொன்னார். குரல்கள் உயர்ந்தன. இளைஞர் நெருங்கி வந்து மாமாவின் மார்பில் விரலால் இரண்டு முறை குத்தினார். மாமா அந்தக் கையைத் தட்டிவிட்டார். இளைஞர் ஓரடி பின்வாங்கி, சைக்கிளை வாசல் பக்கம் திருப்பினார். திரும்பும்போது, மாமாவின் தாயாரைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். மாமா இரண்டு கைகளாலும் அவரைப் பின்னாலிருந்து தள்ளினார். அவர் சைக்கிளோடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

இவ்வளவுதான் நடந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எங்கள் குடும்பம் பேசிய பேச்சோ ஏறத்தாழ ஓராண்டு நீண்டது.

அந்த இளைஞர் எந்த இனத்தவர் என்று இதைக் கேட்டவர்களில் பாதிப் பேராவது முதலில் கேட்டார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. அது தெரிந்த அடுத்த கணமே கேட்பவரின் முகத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

முதல் வாரம் அத்தை வீட்டில் கூடியிருந்தபோது எல்லாரும் ஒரே வாதத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் முன்வைத்தார்கள். அவன்தானே முதலில் இடித்தான், அவன்தானே முதலில் கை வைத்தான், அவன்தானே முதலில் அசிங்கமாகப் பேசினான் என்று அத்தை அடுக்கிக்கொண்டே போனார். பெரியவர் என்ற மரியாதை கொஞ்சமேனும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று என் அண்ணன் கேட்டார். மாமாவின் மூத்த மகன் மட்டும், இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை வரும், இரண்டு பேர் மீதும் வழக்குப் போடட்டும் என்றார். நானும் அன்று அத்தையின் பக்கம்தான் இருந்தேன். தொடக்கப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பிக்கும் எனக்கு, சண்டை என்றதும் முதலில் நாவில் வரும் கேள்வியே "யார் ஆரம்பித்தது?" என்பதுதான். இடைவேளையில் அழுதுகொண்டு ஓடிவரும் பிள்ளையும் அதைத்தான் சொல்லும்: "அவன்தான் முதல்ல, டீச்சர்." ஆரம்பித்தவனைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே அத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன்.

காவல்துறையில் மாமாவின் வழக்கை விசாரித்த அதிகாரிக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு அக்கறை இல்லை. கீழ்த்தளத்தில் காவல்துறையின் கண்காணிப்புக் கேமரா இருந்தது. 2012இல் தொடங்கி 2016க்குள் ஏறத்தாழ 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் பொருத்தப்பட்ட கேமராக்களில் அதுவும் ஒன்று. அதில் ஒலி பதிவாகியிருந்ததா என்று மாமாவுக்குத் தெரியாது. படம் பதிவாகியிருந்தது. மாமா கையைத் தட்டிவிட்டதற்கும் பின்னாலிருந்து தள்ளியதற்கும் இடையே நான்கு வினாடிகள் என்று அதிகாரி சொன்னாராம். அந்த நான்கு வினாடியில் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, வேறு பக்கம் திரும்பிவிட்டாரா என்று கேட்டாராம். திரும்பிவிட்டார் என்று மாமா சொன்னார். அடுத்த கேள்வி: அப்போது அவரைப் பார்த்து உங்களுக்குப் பயம் இருந்ததா? இல்லை என்று மாமா சொன்னார்.

அந்த 'இல்லை'யின் எடை எங்களுக்கு அன்று புரியவில்லை. சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு மாமாவை அழைத்துப் போனபோதுதான், அங்கே வந்திருந்த வழக்கறிஞர் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்ததிலிருந்து, ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டோம் என்று விளங்கியது.

சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1837இல் மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைவு எழுதி, 1860இல் இந்தியாவில் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான் சிங்கப்பூரும் அடங்கியிருந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான பிரிவுகளின் எண்கள்கூட அப்படியே இருந்தன. கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420 என்று நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய எண்கள் இந்தியாவில் 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் வந்ததோடு வழக்கொழிந்துவிட்டன. இங்கே அவை இன்னும் அதே பொருளில் உயிரோடு இருக்கின்றன. தற்காப்பு உரிமையைப் பற்றிய பிரிவுகளும் அந்தப் பழைய வரிசையிலேயே, 96இல் தொடங்கி 106 வரை, இருக்கின்றன.

அந்தப் பிரிவுகளை வழக்கறிஞர் எங்களுக்கு விளக்கிய விதம் என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. உங்கள் உடலைக் காத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அந்த உரிமை ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் எழும் கணத்தில் பிறக்கிறது, முதல் அடி விழும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த அச்சம் தீரும் கணத்திலேயே உரிமையும் தீர்ந்துவிடுகிறது என்றார். இடையில் இரண்டு வரம்புகள் உண்டு. காத்துக்கொள்வதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. காவல்துறை போன்ற பொது அதிகாரத்தின் பாதுகாப்பை நாட நியாயமான வாய்ப்பு இருக்கும்போது நீங்களே கையில் எடுக்கக்கூடாது.

மாமா நடந்துகொண்டதை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அது ஒரு செயலாக நிற்காமல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நாங்கள் எல்லாரும் 'அந்தச் சண்டை' என்று ஒற்றை மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைச் சட்டம் அவிழ்த்து, ஒவ்வொரு கை அசைவுக்கும் தனித்தனியாக, இந்தக் கணத்தில் உனக்கு என்ன ஆபத்து இருந்தது என்று கேட்கிறது. விரலால் குத்தியவரின் கையைத் தட்டிவிட்டது தற்காப்பு. அதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவது அசைவின்போது அந்த இளைஞர் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். முதல் குத்து யாருடையது என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. 'அளவுக்கு ஏற்ற பதில்' என்றால், அவன் கொடுத்ததற்குச் சமமாகத் திருப்பிக் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். குத்துக்குக் குத்து, தள்ளுக்குத் தள்ளு. மாமா வெறுமனே தள்ளினார், கத்தியா எடுத்தார் என்று என் அண்ணன் கேட்டதும் அந்தக் கணக்கில்தான். ஆனால் சட்டம் சொல்லும் அளவு, வந்துசேர்ந்த தீங்கைப் பார்த்து அளக்கும் அளவல்ல. இன்னும் மிச்சமிருக்கும் ஆபத்தைப் பார்த்து அளக்கும் அளவு. மிச்சம் எதுவும் இல்லையென்றால், மெதுவாகத் தள்ளினாலும் அது அளவை மீறியதுதான். மறுபக்கம், ஆபத்து பெரிதாக இருந்தால் சமமாகத் திருப்பிக் கொடுப்பதோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் அடித்துக்கொண்டே இருக்கும்போது 63 வயதுக்காரர் கையிலிருக்கும் குடையால் தடுத்து அடித்தால், வெறுங்கைக்கு எதிராகக் குடையா என்று எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். ஜமைக்காவிலிருந்து, அதன் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு வழக்கில், தாக்குதலுக்கு ஆளானவர் தம் தற்காப்பின் அளவை அந்த நேரத்தில் நுணுக்கமாக எடைபோட்டுக்கொண்டிருக்க முடியாது என்று 1971இலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அது நியாயமான பேச்சு. அந்தச் சலுகை, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும்தான்.

பழைய சட்டத்தில் இதை விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒருவன் இன்னொருவனைக் குதிரைச் சாட்டையால் அடிக்க வருகிறான், கொடுங்காயம் ஏற்படும் அளவுக்கு அல்ல. மற்றவன் கைத்துப்பாக்கியை எடுக்கிறான். சாட்டைக்காரன் நிறுத்தவில்லை. சாட்டையடியிலிருந்து தப்ப வேறு வழியில்லை என்று நல்லெண்ணத்தோடு நம்பி அவன் சுட்டுக் கொன்றுவிடுகிறான். இது கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம் என்கிறது சட்டம். அவனுக்கு உரிமை இருந்தது, அதை மீறிவிட்டான், ஆகவே குற்றம் குறைகிறது, ஆனால் மறைவதில்லை. அந்த ஓர் எடுத்துக்காட்டு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அந்தச் சாட்டை இன்னும் ஓங்கியபடி இருந்தது என்பதையும் கவனித்தேன். சாட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கியவனைப் பற்றிய எடுத்துக்காட்டு அது அல்ல.

இனி, அந்தக் கெட்ட வார்த்தை. எங்கள் குடும்பத்தில் பலர் இன்றும் அதில்தான் நிற்கிறார்கள். பெற்ற தாயைப் பேசினால் எந்த மகன் சும்மா இருப்பான்? மாமாவின் தாயார், அதாவது என் பாட்டி, அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்தான் காலமாகியிருந்தார். இது அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும் என்பதால்தான் அதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனாலும் வார்த்தை எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அது உடலுக்கு ஆபத்து இல்லை என்பதால், தற்காப்பு உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை. கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் தன் கட்டுப்பாட்டை இழந்தவருக்குச் சட்டத்தில் வேறோர் இடம் உண்டு. அங்கே குற்றத்தின் தரமும் தண்டனையும் குறையலாம், ஆனால் செயல் சரியாகிவிடாது. வார்த்தைக்கு என்று தனிச் சட்டமும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்படி, ஒருவரை வேண்டுமென்றே மிரட்டும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களால் துன்புறுத்தினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆக, அந்த வார்த்தைக்கும் விலை உண்டு. அதை வசூலிக்கும் வேலை மாமாவுடையதாக இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விவகாரத்தில் தமிழ் மொழியே எங்களுக்கு ஒரு சிக்கலாக வந்து நின்றது. மாமா கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் சமாளிப்பார், ஆனால் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுப்பதே நல்லது என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றார். வீட்டில் எங்களிடம் சொல்லும்போது, முதல் அசைவையும் இரண்டாவது அசைவையும் சில சமயம் ஒரே சொல்லில்தான் சொல்வார்: "தள்ளிட்டேன்." நெருக்கிக் கேட்டால் முதலாவதைத் 'தட்டிவிட்டேன்' என்பார். நாள்தோறும் பிள்ளைகளுக்கு வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அப்போதுதான் உறைத்தது, வழக்கின் பாதி இந்தச் சொற்களுக்கு நடுவே கிடக்கிறது என்று. 'தடுத்தேன்', 'தட்டிவிட்டேன்', 'விலக்கிவிட்டேன்', 'தள்ளினேன்', 'தள்ளிவிட்டேன்' என்று ஒரு கை செய்யும் வேலைக்கு நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மனநிலையைக் காட்டுகிறது. 'தள்ளிவிட்டேன்' என்பதிலுள்ள 'விட்டேன்', வேண்டுமென்றே கீழே விழச் செய்தேன் என்றும் பொருள்படும். நினைத்துப் பார்ப்பதற்குள் தள்ளிவிட்டேனே என்று வருந்தும் குரலாகவும் இருக்கலாம். எந்தப் பொருளில் சொன்னார் என்பதைச் சொன்னவரின் முகம்தான் காட்டும், வாக்குமூலத் தாளில் முகம் இருப்பதில்லை.

நல்லவேளையாக, மாமாவுக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளர் பொறுமையானவர். ஒவ்வோர் இடத்திலும் கையால் செய்து காட்டச் சொல்லி, அதைப் பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுத்தாராம். இப்படிப்பட்ட இடத்துக்குப் போக நேரும் தமிழர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்போது தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள், வினைச்சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள், தவறு என்று பட்டால் திருத்தச் சொல்லுங்கள். 'கைகலப்பு' என்ற சொல்லையும் யோசித்துப் பேசுங்கள். பேச்சுவழக்கில் நாம் எல்லாச் சண்டைக்கும் அதைத்தான் சொல்கிறோம். அதில் இரண்டு பேரின் கைகளும் கலந்துவிடுகின்றன. பொது இடத்தில் இருவர் சண்டையிட்டு அமைதியைக் குலைப்பது இங்கே தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறையும் 5,000 வெள்ளி வரை அபராதமும் அதற்கு உண்டு. விரலால் குத்தப்பட்டுக் கையைத் தட்டிவிட்டதோடு நின்றுவிட்டவர், தமக்குக் 'கைகலப்பு' நடந்தது என்று தாமே சொல்வது தம்மையே அந்தக் குற்றத்துக்குள் இழுத்து விடுவதாகும். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்று சொல்லும்போது, ஒரு கை அடிக்கவும் மறு கை தடுக்கவும் எழுந்திருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

என்னை அதிகம் வாட்டிய கேள்வி வேறு. அந்த இளைஞர் புல்தரையில் விழுந்திருந்தால்? முழங்காலில் ஒரு சிராய்ப்போடு எழுந்து, இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார். காவல்துறை வரைக்கும் போயிருக்காது. தள்ளிய கை அதே கை, மனத்திலிருந்த கோபம் அதே கோபம். விழுந்த இடம் மட்டும்தான் வேறு.

சட்டத்தின் ஏணி இப்படி இருக்கிறது. வேண்டுமென்றே காயம் விளைவித்தால் 323ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் 325ஆம் பிரிவு. பத்தாண்டு வரை சிறை, அதோடு அபராதமோ பிரம்படியோ. மாமா 50 வயதைக் கடந்தவர் என்பதால் பிரம்படி அவருக்குப் பொருந்தாது. எலும்பு முறிவு எதுவானாலும் சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம்தான். இருபது நாள் ஒருவர் தம் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு புதிய படி வந்தது, 323ஏ. நினைத்தது சாதாரணக் காயம், விளைந்தது கொடுங்காயம் என்றால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். மாமாவிடம் சொல்லப்பட்டது இந்தப் பிரிவுதான். நினைப்பையும் விளைவையும் இரண்டையும் எடைபோட்டு நடுவில் ஓரிடம் கண்டிருக்கிறார்கள் என்பது புரிந்தாலும், நினைக்காத ஒன்றுக்கு ஒருவர் ஏன் தண்டனை பெற வேண்டும் என்ற வருத்தம் எனக்கு நீங்கவில்லை.

அந்த வருத்தத்தை ஓரளவு மாற்றியது, தற்செயலாக நான் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு பழைய வழக்கு. 1870களில் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் புறப்படும்போது குதிரைக்காரர் உடனே வரவில்லை என்று கோபப்பட்டு, கத்வாரு என்ற அந்த வேலையாளைக் கையால் அடித்து முடியைப் பிடித்து இழுத்தார். கத்வாரு விழுந்தார், எழுந்து பக்கத்து வளாகத்துக்குப் போய் இறந்துவிட்டார். நோயால் ஏற்கெனவே வீங்கியிருந்த மண்ணீரல் கிழிந்துவிட்டது. நீதிபதி விதித்த தண்டனை 30 ரூபாய் அபராதம். நான் மேலே சொன்ன அதே காயம் விளைவித்த குற்றம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் நினைத்தது ஓர் அடி, விளைந்தது மரணம், விளைவு அவர் தலையில் இல்லை என்பதுதான் அங்கே செல்லுபடியான வாதம். அன்றைய இந்திய வைஸ்ராய் லிட்டன் பிரபுவே அந்தத் தீர்ப்பைக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். காலனி இந்தியாவில் அந்தக் காலத்தில் இப்படி மண்ணீரல் கிழிந்து இறந்த கூலியாட்களின் வழக்குகள் ஒன்றிரண்டு அல்ல.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விளைவைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று மாமாவுக்காக நான் மனத்தில் அடுக்கிவைத்திருந்த வாதத்தைத்தான் ஃபுல்லரும் சொல்லித் தப்பித்திருந்தார். அடிபட்டவரின் உடல் பலவீனமானது என்பதும், விழுந்த தரை கடினமானது என்பதும், அடித்தவருக்கு மட்டும் சாதகமாகிப் போகும்போது, அடிபட்டவருக்கு ஒரு நீதியும் மிஞ்சுவதில்லை. கை ஓங்கும் உரிமை இல்லாத நேரத்தில் கை ஓங்கியவர், எதிரே நிற்பவரின் எலும்பு எப்படிப்பட்டது, காலடியில் இருப்பது புல்லா சிமெண்டா என்று தெரியாமல்தான் ஓங்குகிறார். அந்தத் தெரியாமையின் சுமையை இரண்டு பேரில் ஒருவர் சுமக்க வேண்டும் என்றால், அது ஓங்கியவராக இருப்பதே முறை என்று இப்போது நினைக்கிறேன். முழுச் சுமையையும் அல்ல. நினைத்ததற்கும் விளைந்ததற்கும் இடையேயுள்ள தூரத்துக்கு ஏற்றபடி தண்டனை குறைய வேண்டும், அந்த நடுப்படி அதற்குத்தான் இருக்கிறது. இதே மணிக்கட்டு, விரலால் குத்திக்கொண்டிருந்தபோது மாமா தட்டிவிட்டதால் முறிந்திருந்தால், அவர்மீது பழியே இருந்திருக்காது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே எலும்பு, அதே முறிவு. நான்கு வினாடிகள்தான் வித்தியாசம்.

அந்த மணிக்கட்டைப் பற்றி நாங்கள் யாரும் முதல் மாதத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். 'சின்ன முறிவுதானே' என்று அத்தை சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை. வழக்கறிஞர்தான் விளக்கினார், 323ஆம் பிரிவின்கீழ் முதல்முறையாகக் குற்றம் செய்து ஒப்புக்கொள்பவர்களுக்கான தண்டனை அளவுகளை உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தபோது, சிராய்ப்பு, கன்றிய காயம் போன்றவற்றுக்கு அபராதமோ நான்கு வாரம் வரை சிறையோ என்றும், சாதாரண எலும்பு முறிவு போன்ற நடுத்தரக் காயங்களுக்கு நான்கு வாரம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்றும் வைத்தது என்று. அதாவது, 'சின்ன முறிவு' என்று நாங்கள் தள்ளிவிட்டது சிறைக்கதவின் அந்தப் பக்கம் இருந்தது. அதைவிட முக்கியமானது, அந்த இளைஞர் நாளுக்கு எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாரோ அத்தனைக்குத்தான் அவருக்குக் காசு. மாவுக்கட்டுப் போட்ட கையோடு சைக்கிள் ஓட்ட முடியாது. ஆறு வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. மாமா அதைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஊரில் என்றால் மறுநாளே பெரியவர்கள் இரண்டு பேர் பழத்தட்டோடு அந்த வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று அத்தை பலமுறை சொன்னார். மாமாவும் போகத்தான் விரும்பினார். போகாதீர்கள் என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவரை நேரில் போய்ப் பார்ப்பது, சாட்சியை வளைக்கப் பார்ப்பதாகத் தோன்றிவிடும். மன்னிப்புக் கேட்பதும் மருத்துவச் செலவைக் கொடுப்பதும்கூட வழக்கறிஞர் வழியாகவே போக வேண்டியிருந்தது, அதற்கும் மாதங்கள் ஆயின. அண்டை வீட்டார் சண்டைகளுக்காக இங்கே 1998 முதல் சமூக சமரச நிலையம் இருக்கிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எலும்பு முறிந்து மருத்துவமனை அறிக்கை எழுதப்பட்ட பிறகு மாமாவின் விவகாரம் அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டது. வழக்கறிஞர் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது, அதில் தவறு காணவும் முடியவில்லை. இருந்தாலும், தப்பு செய்தவர் அதை உணர்ந்து சொல்ல நினைக்கும் அந்த முதல் வாரத்தில், சொல்லவிடாமல் வாயைக் கட்டிவைக்கும் நடைமுறையில் அடிபட்டவருக்கும் ஏதோ இழப்பு இருக்கிறது. காவல்துறை முன்னிலையிலேயே, வழக்கின் போக்கைப் பாதிக்காத வகையில், அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஏதாவது வழி செய்யலாம் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

பத்து மாதங்கள் கழித்து மாமாவை அழைத்து, கடும் எச்சரிக்கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மருத்துவச் செலவையும் ஆறு வார வருமானத்தையும் அவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார். இளைஞருக்கும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை, கேட்கும் உரிமையும் இல்லை. அத்தை அன்று பாயசம் வைத்தார். குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அப்படி யாரும் சொல்லவில்லை. எச்சரிக்கை என்பது ஒரு தீர்ப்பு அல்ல. அதற்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை எதுவும் இல்லை, அதைப் பெற்றவர் குற்றம் செய்தார் என்று அது முடிவு கட்டுவதும் இல்லை என்று உயர் நீதிமன்றமே 2015இல் சொல்லியிருக்கிறது. குற்றமற்றவர் என்றும் அது சொல்வதில்லை. அந்த நான்கு வினாடிகளைப் பற்றி எந்த நீதிமன்றமும் ஒன்றும் சொல்லாமலே வழக்கு முடிந்துபோனது.

பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது என் அண்ணன் பழையதைக் கிளறினார். அன்றைக்கே, பயமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் பத்து மாதம் இப்படி அலைந்திருக்க வேண்டாமே, மாமா, தற்காப்பு என்று அன்றே முடிந்திருக்குமே என்றார். கேமரா இருக்கும்போது அதைச் சொல்லியும் பயன் இருந்திருக்காது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா பேசினார்.

"அவன் போறான்னு எனக்கு நல்லாத் தெரியும்ப்பா. அவன் திரும்பி என் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். பயந்தேன்னு எப்படிச் சொல்லுறது?"

அத்தை அவருடைய காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன்தானே முதலில் என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை. மாமா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போய்வருகிறார். மின்தூக்கி வாசலில் யாராவது சைக்கிளோடு வந்தால், தள்ளுபையை இழுத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நிற்கிறார்.